ஆந்தை இல்லமும் அதன் உழைப்பும்: ‘தனியாள் கலை’, ‘நாட்டார் கலை’ என்னும் வகைப்பாடுகள் குறித்துச் சில சிந்தனைகள்

1

கலை இலக்கிய ஆய்விலே ‘படைத்தவர் யார்’ என்னும் வினா பெரும்பாலும் விடை தெரிந்த வினாவாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. நூலின் முகப்பிலே பெயர் உண்டு. ஓவியத்தின் மூலையிலே ஒப்பம் உண்டு. பெயர் கிடைக்காதவிடத்து அது ‘நாட்டார்’ படைப்பு எனப்படும். ஏறத்தாழக் கடந்த அரை நூற்றாண்டுக் காலமாக மேலைத்தேயக் கலை விமரிசனத்திலே இவ்விரு பிரிவுக்கும் இடைப்பட்ட மூன்றாவது பிரிவொன்று நிலைபெற்றுள்ளது. முறையான கலைப்பயிற்சி எதனையும் பெறாத ஒருவர் தமது வீட்டையோ அதனைச் சார்ந்த நிலத்தையோ பல்லாண்டு உழைப்பினால் முற்றாக உருமாற்றிவிடுகின்றார். வாழ்நாளில் அயலவரின் ஏளனத்துக்கு உள்ளான அவ்விடம், அவர் மறைந்த பின்னரோ அதனை விட்டு நீங்கிய பின்னரோ, கட்டணம் செலுத்திப் பார்வையிடப்படும் காட்சித்தலமாகின்றது.

பிரான்சிலே ஓத்ரீவ் என்னும் சிற்றூரின் தபாற்சேவகரான ஃபேர்டினான் செவால், தாம் நடந்த வழியிற் பொறுக்கிய கற்களைக் கொண்டு 1879 முதல் 1912 வரை எழுப்பிய ‘இலட்சிய மாளிகை’. லொஸ் ஏஞ்சல்சின் வாட்ஸ் பகுதியிலே இத்தாலியக் குடியேற்றத் தொழிலாளியான சைமன் ரொடியா 1921 முதல் 1954 வரை கட்டிய கோபுரங்கள். கனடாவின் நோவா ஸ்கோசியாவிலே மோட் லூயிஸ் என்னும் ஏழைப்பெண் சுவரும் கதவும் மாடிப்படியும் எஞ்சாது வண்ணம் தீட்டிய மிகச் சிறிய வீடு ஆகியன இவற்றுட் பெரிதும் அறியப்பட்டவை. மோட் லூயிசின் வீடு இன்று முழுமையாகவே ஹலிஃபக்ஸ் நகரின் கலைக்கூடத்தினுள்ளே பெயர்த்து வைக்கப்பட்டுள்ளது. மனிதர் குடியிருந்த வீடு, பிறிதொரு கட்டடத்தினுள் அடங்கும் காட்சிப்பொருளாகிவிட்டது.

இவ்வில்லங்களைக் குறிப்பதற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. பிரெஞ்சு ஓவியரான ழான் டுபுஃபே 1945 இல் ‘பண்படாக் கலை’ எனப் பொருள்படும் தொடரொன்றை ஆண்டார். ஆங்கிலேய விமரிசகரான றொஜர் கார்டினல் 1972 இல் ‘புறத்தார் கலை’ என்னும் தொடரை நூற்பெயராக்கினார். அமெரிக்காவிலே ‘நாட்டார் கலைச் சூழல்’ என்னும் வழக்கும் உண்டு. பெயர்கள் வேறாயினும் அவற்றின் அடியிலுள்ள எடுகோள் ஒன்றே. சமூகத்தின் தீண்டுதலுக்கு அப்பாற்பட்ட தனியொருவர், தமது அகத்தின் உந்துதலால் மட்டும், எவர் உதவியுமின்றி ஓர் உலகைப் படைத்தார் என்பதே அது.

இவ்வெடுகோள் எத்துணை தூரம் பொருந்தும் என்பதே எமது வினா. அதனைப் பொதுப்படப் பேசுவதிலும் பார்க்க, ஓர் இல்லத்தை எடுத்துக்கொண்டு அதன் உற்பத்தி வரலாற்றினூடாக ஆராய்தல் பயனுடைத்தாகும். தென்னாபிரிக்காவின் நியூ பெத்தெஸ்டா என்னும் கிராமத்திலுள்ள ‘ஆந்தை இல்லம்’ இதற்குப் பெரிதும் உகந்தது. அது நாடகமொன்றின் கருப்பொருளாயும் அமைந்தமையால், இலக்கிய மாணவருக்கு இரட்டிப்பு முக்கியத்துவம் வாய்ந்ததாகும்.

2

நியூ பெத்தெஸ்டா, கரூ எனப்படும் வறண்ட பெருநிலத்திலே, ‘பனிமலை’ எனப் பொருள்படும் ஸ்னீவ்பேர்க் மலைத்தொடரின் அடியில், கிராவ் றைனெற் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 1875 இல் ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையின் ஊராக அது நிறுவப்பட்டது. ஆட்டுரோமமே இப்பிரதேசத்தின் பொருளாதார அடித்தளம்.

ஆயின் இந்நிலம் வெறுமையாய்க் கிடந்து வெள்ளையர் வருகையாற் செழித்ததன்று. ஸ்னீவ்பேர்க் பகுதி 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மந்தைகளோடு முன்னேறிய குடியேற்றக்காரருக்கும் வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களுக்கும் இடையே நிகழ்ந்த கொடிய போரின் களமாகும். சான் மக்களுட் பலர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் பண்ணைகளின் ஊழியராக்கப்பட்டனர். இவர்களின் வழித்தோன்றல்கள், கொய்கொய் மக்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் சந்ததியினர் ஆகியோரே பிற்காலத்தில் ‘நிறத்தவர்’ என்னும் ஒரே சட்டப் பெயருக்குள் அடக்கப்பட்டனர். 1948 இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1950 இல் இயற்றப்பட்ட குடிமக்கட் பதிவுச் சட்டமும் இனவாரிப் பிரதேசச் சட்டமும் ஒருவர் எங்கு வாழலாம், எவரை அயலவராகக் கொள்ளலாம் என்பவற்றைத் தோலின் நிறத்தால் வரையறுத்தன. நியூ பெத்தெஸ்டாவின் தொழிலாளர் ஊரின் புறத்தே, பீனாசிக் என்னும் குடியிருப்பில் வாழ்ந்தனர். அவர்கள் காலையில் வெள்ளையரின் வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் வந்து மாலையிற் திரும்பினர்.

இக்கிராமத்திலே 1897 டிசம்பர் 23 ஆம் நாள் ஹெலன் மாட்டின்ஸ் பிறந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சிலகாலம் கற்பித்தார். 1920 இல் மணம் புரிந்தார், அம்மணம் நிலைக்கவில்லை. பின்னர் முதிய பெற்றோரைப் பராமரிக்கும் பொருட்டு ஊர் திரும்பினார். பிள்ளைகளுட் கடைசியானவர், பெண், மணமுறிவுக்குள்ளானவர் என்னும் மூன்று காரணங்களும் சேர்ந்து இப்பராமரிப்புக் கடமையை அவர் மீது சுமத்தின எனலாம். தாய் 1941 இலும் தந்தை 1945 இலும் இறந்தனர். தந்தை வசித்த அறைக்குக் கருநிறம் பூசி அதனைச் ‘சிங்கக் குகை’ என அவர் பெயரிட்டமை, அவ்வீட்டிலே நிலவிய தந்தையாதிக்கத்தின் இயல்பை எவ்வித விளக்கவுரையுமின்றி உணர்த்துகின்றது.

தந்தையின் மறைவுக்குப் பின்னரே, நடுவயதைக் கடந்த நிலையில், ஹெலன் வீட்டை மாற்றத் தொடங்கினார். சொத்தில்லை; தொழிலில்லை; பிள்ளைகளில்லை; திருச்சபையோடு நெருக்கமுமில்லை. அவ்வூரின் அளவுகோல்கள் எவற்றாலும் மதிக்கத்தக்க ஒரு பாத்திரம் அவருக்கு எஞ்சியிருக்கவில்லை. எஞ்சியது வீடு ஒன்றே. பெண்ணைச் சிறைப்படுத்தும் களமாக எந்த வீடு இருந்ததோ, அந்த வீட்டையே அவர் தமது வெளிப்பாட்டின் ஊடகமாக்கினார். இதனைப் பித்து எனவோ தெய்வீக உந்துதல் எனவோ கொள்வோர் அதன் சமூகத் தருக்கத்தைக் காணத் தவறுகின்றனர்.

3

இல்லத்தினுள் நுழைபவரை முதலிற் கவர்வது ஒளி. சுவர்களும் கூரையின் உட்புறமும் வண்ணந் தீட்டப்பட்டு, ஈர வண்ணத்தின் மீது பொடியாக்கப்பட்ட கண்ணாடி ஒட்டப்பட்டுள்ளது. யன்னல்களிலே நிறக்கண்ணாடிகள், அறைகளிலே சூரியன், பிறை, விண்மீன் முதலிய வடிவங்களில் வெட்டப்பட்ட முகக்கண்ணாடிகள், எங்கணும் மெழுகுதிரிகளும் மண்ணெண்ணெய் விளக்குகளும். பகலில் நிறவொளி அறைக்கு அறை மாறுகின்றது. இரவில் ஒரு திரியின் சுடர் பல நூறு புள்ளிகளாகச் சிதறுகின்றது. வெயிலுக்கு அஞ்சி யன்னற் கதவுகளை அடைத்து வாழும் கரூவின் வீடுகளினிடையே இத்தகைய ஒளிக்கூடம் ஒரு மறுதலையே ஆகும்.

வீட்டின் பின்புறத்தே ‘ஒட்டக முற்றம்’ அமைந்துள்ளது. சீமெந்து, கம்பி, கண்ணாடி ஆகியவற்றாலான முந்நூறுக்கு மேற்பட்ட உருவங்கள் அங்கு நெருங்கி நிற்கின்றன. விரிந்த கண்களையுடைய ஆந்தைகள், ஒட்டகங்கள், ஞானியர், இடையர், யாத்திரிகர், போத்தல்களை அடுக்கிச் செய்த பாவாடை அணிந்த பெண்கள் என அவை பலவகைப்பட்டன. இவற்றுட் பல கிழக்கு நோக்கிச் செல்லும் ஊர்வலமாக அமைந்துள்ளன. கம்பியை வளைத்து எழுதிய சொற்களும் முற்றத்திலே காணப்படுகின்றன. விவிலியம், உமர் கய்யாம், வில்லியம் பிளேக் ஆகியோரின் செல்வாக்கு இங்கு உண்டென ஆய்வாளர் கூறுவர்.

இக்கிழக்கு எத்தகைய கிழக்கு என்பது சிந்தித்தற்குரியது. கல்வின்வாதக் கிறித்தவம் கோலோச்சிய கிராமமொன்றிலே, தேவாலயத்திற்குப் புறமுதுகு காட்டி மக்காவை நோக்கிச் செல்லும் ஊர்வலமொன்றை நிறுத்தியமை துணிகரமான மீறலே. ஆயினும் இம்மீறலின் கற்பனைப் பொருள், ஐரோப்பியர் தம் தேவைக்கேற்பப் புனைந்துகொண்ட கிழக்கிலிருந்தே பெறப்பட்டது. உமர் கய்யாமும் 1859 இல் வெளியான ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்தினூடாகவே அவ்வுலகை அடைந்தார். எட்வேட் சயீத் 1978 இல் விரிவாக எடுத்துக்காட்டிய கீழைத்தேயவாதத்தின் ஒரு வீட்டு வடிவத்தையே நாம் இங்குக் காண்கின்றோம்.

இதில் வரலாற்று முரணொன்றும் பொதிந்துள்ளது. 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, இந்தியாவின் கரையோரங்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் அடிமைகளை நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுசென்றது. தென்னாபிரிக்காவின் முதல் முஸ்லிம் சமூகம் இவர்களிடையேதான் உருவாயிற்று. ‘நிறத்தவர்’ எனச் சட்டம் பெயரிட்ட மக்களின் மூதாதையருள் இவர்களும் அடங்குவர். எனவே, கனவிலே தேடப்பட்ட கிழக்கின் உண்மை வரலாறு, அந்நாட்டின் தொழிலாளர் உடல்களிலேயே எழுதப்பட்டிருந்தது. அஞ்சலட்டைகளிலும் நூற்படங்களிலும் கிழக்கைக் கண்ட கண், முற்றத்திலே சீமெந்து குழைத்து நின்றவரிடத்து அதனைக் காண்பதற்குச் சமூகம் இடந்தரவில்லை.

4

முற்றத்திலே சீமெந்து குழைத்தவர் யார்? ஆந்தை இல்லம் பற்றிய பிரபல வருணனைகள் நெடுங்காலம் இவ்வினாவை எழுப்பவில்லை. முதலில் பீற் வன் டெர் மேர்வ, ஜோனாஸ் அடம்ஸ் ஆகியோரும், 1964 முதல் ஹெலன் இறந்த 1976 வரை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கூஸ் மல்காஸ் என்பவரும் அங்கு உழைத்தனர். மூவரும் ‘நிறத்தவர்’ எனப் பதியப்பட்ட தொழிலாளர். கூஸ் மல்காஸ் ஆட்டுரோமம் கத்தரிப்பவர். ஹெலன் தமது எண்ணத்தைச் சொல்லாலும் படத்தாலும் உணர்த்துவார். கம்பியை முறுக்கி எலும்புக்கூடு அமைத்து, அதன் மீது சீமெந்து பூசி, முகத்தையும் இறகையும் மடிப்பையும் உருவாக்கியவர்கள் தொழிலாளரே.

இவ்விடத்து மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட மூலதனத்தின் முதற் தொகுதியில் மனித உழைப்பின் தனித்தன்மை பற்றிக் கூறுவது நினைவுகொள்ளத்தக்கது. தேனீயின் கூடு எத்துணை நேர்த்தியாயினும், கட்டுவதற்கு முன்னரே கட்டடத்தை மனத்தில் எழுப்பிக்கொள்ளும் ஆற்றல் மனிதனுக்கே உரியது என்பது அவர் கருத்து. வர்க்க சமூகம் இவ்வாற்றலை இரண்டாகப் பிளக்கின்றது. எண்ணுதல் ஒருவரின் உரிமையாகவும் செய்தல் மற்றொருவரின் கடமையாகவும் பிரிக்கப்படுகின்றன. நிறவெறிச் சட்டங்கள் இப்பிளவைத் தோலின் நிறத்தோடு பொருத்தி நிரந்தரமாக்கின. ஆந்தை இல்லத்தை ‘ஹெலன் மாட்டின்சின் படைப்பு’ என மட்டுமே கூறுமிடத்து, விமரிசகர் தாம் அறியாமலே இச்சட்டத்தின் இலக்கணத்தை ஏற்றுக்கொள்கின்றார்.

ஆனால் இதனைத் தலைகீழாக்கி, ‘உண்மைக் கலைஞர் கூஸ் மல்காஸ், ஹெலன் வெறும் சுரண்டற்காரி’ எனத் தீர்ப்பளிப்பதும் பொறியியல் முறைப்பட்ட மார்க்சியமாகவே முடியும். வீட்டினுள்ளே உள்ள கண்ணாடி வேலை ஹெலனின் கையுழைப்பே. நிறம் நிறமாகக் கண்ணாடிகளைப் பிரித்தெடுத்து, பொடியாக்கி, பரப்பியவர் அவரே. இவ்வுழைப்பு அவர் கண்பார்வையையும் பாதித்தது. அவர் முதலாளியல்லர்; சொற்ப வருமானத்திற் பட்டினிக்கு அண்மையில் வாழ்ந்தவர். உற்பத்திப் பொருள்கள் விற்பனைக்குச் செல்லவில்லை. அவற்றிலிருந்து உபரிமதிப்பு எதனையும் அவர் ஈட்டவுமில்லை. எனினும், கூலி கொடுத்து ஒருவரின் நாளை வாங்கும் உரிமை அவருக்கு இருந்தது. அவ்வுரிமையை அவருக்கு வழங்கியது அவரது செல்வமன்று. கரூவிலே நிறத்தவரின் உழைப்பு அத்துணை மலிவாக்கப்பட்டிருந்தமையே. ஏழை வெள்ளைப் பெண்ணொருவரின் கற்பனைச் சுதந்திரம், அவரினும் ஏழைகளான மக்களின் சுதந்திரமின்மையைத் தன் நிபந்தனையாகக் கொண்டிருந்தது என்பதே இம்முற்றத்தின் மைய முரண்பாடாகும்.

முரண்பாடு என்பது ஒருமுகப்பட்டதன்று. முன்மாதிரி எதுவுமில்லாத பணியிலே கட்டளையும் கீழ்ப்படிவும் மட்டும் போதுமானவையல்ல. ‘மகிழ்ச்சியோடு நிற்கும் ஒட்டகம்’ ஒன்றைச் செய்யுமாறு கூறினால், அம்மகிழ்ச்சியைச் சீமெந்திலே எங்கு இருத்துவது என்பதைக் கையே கண்டறிய வேண்டும். ரோமம் கத்தரிக்கும் தொழிலிலே விலங்கின் உடலைத் தொட்டறிந்த கை அது. முற்றத்து ஆட்டுருவங்களின் கழுத்தும் தோளும் சந்திக்கும் இடத்தை உற்று நோக்குவோர் அவ்வறிவின் தடத்தைக் காணலாம். எது எண்ணம், எது செய்கை, எது எவருடையது எனக் கோடு கிழித்துப் பிரிக்க முற்படுவது இங்குப் பயன் தராது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே முற்றத்தில், சட்டம் ஒருபோதும் சமமாகக் கருதாத இருவர், ஒரு பொதுவான மொழியைச் சீமெந்திலே உருவாக்கினர். அம்மொழி சமத்துவத்தின் மொழியன்று. ஆயினும் சமத்துவம் சாத்தியம் என்பதைத் தன்னுள் மறைத்து வைத்திருந்த மொழி அது.

கூட்டுழைப்பைத் தனியாள் ஐதீகமாக மாற்றும் போக்கு இவ்வில்லத்துக்கு மட்டும் உரியதன்று. சண்டிகார் நகரிலே வீதிப் பரிசோதகராயிருந்த நெக் சந்த், கழிவுப் பொருள்களைக் கொண்டு இரகசியமாக உருவாக்கிய பாறைப் பூங்கா 1976 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன்பின் அரசு வழங்கிய தொழிலாளர் குழுவொன்று அதன் விரிவாக்கத்தில் ஈடுபட்டது. நெக் சந்தின் பெயர் உலகறிந்தது. அக்குழுவினரின் பெயர்களை வழிகாட்டி நூல்கள் கூறுவதில்லை. செவால் பெரிதும் தனித்தே உழைத்தார் என்பது உண்மையே. அவ்வொரு உண்மை, பொருந்தாத இடங்களிலும் பொதுவிதியாக்கப்பட்டுவிட்டது.

5

ஆந்தை இல்லத்தை உலகறியச் செய்தது நாடகமே. அதொல் ஃபூகாட் 1970களில் நியூ பெத்தெஸ்டாவிலே வீடொன்றை வாங்கினார்; ஹெலனின் வாழ்வைத் தழுவி ‘மக்காவுக்கான பாதை’ என்னும் நாடகத்தை எழுதினார். 1984 இல் அமெரிக்காவின் யேல் அரங்கிலே அது முதலில் மேடையேறியது. 1985 இல் இலண்டன் தேசிய அரங்கிலே நிகழ்ந்தது. 1991 இல் திரைப்படமுமாயிற்று.

நாடகத்தின் பாத்திரங்கள் மூவர்: முதிய ஹெலன், கேப் டவுன் நகரிலிருந்து வரும் இளம் ஆசிரியையான எல்சா, கிராமத்தின் போதகரான மாரியுஸ். ஹெலனை முதியோர் இல்லத்திற்கு அனுப்பப் போதகர் முற்படுகின்றார்; ஒப்பமிடவேண்டிய பத்திரமும் ஆயத்தமாகவுள்ளது. ஒரு மாலை முழுவதும் நடைபெறும் உரையாடலினூடாக ஹெலன் தமது அச்சத்தை வென்று, தமது வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை நிலைநாட்டுகின்றார். மெழுகுதிரிகள் ஏற்றப்படும்பொழுது கண்ணாடிச் சுவர்கள் ஒளிரும் காட்சி, அண்மைக்கால ஆங்கில நாடகத்தின் சிறந்த மேடைப் படிமங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. மத நிறுவனமும் ஆணாதிக்கமும் அன்பின் மொழியிலேயே பேசும் என்பதை ஃபூகாட் நுட்பமாக உணர்ந்துள்ளார். போதகரைக் கயவராக்காமல், அவரது பரிவையே அதிகாரத்தின் கருவியாகக் காட்டியமை அந்நாடகத்தின் தலையாய வெற்றியாகும்.

ஆயின் மேடையில் தோன்றும் மூவரும் வெள்ளையரே. சிற்பங்களைச் செய்த தொழிலாளி அவர்களுள் இல்லை. சிற்பங்கள் ஹெலனின் தனித்த கைகளிலிருந்தே தோன்றின என்னும் எண்ணத்தையே நாடகம் பார்வையாளருக்குத் தருகின்றது. கணவனை இழந்ததும் பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டு, கைக்குழந்தையோடு நெடுவழியே நடந்துசெல்லும் ஆபிரிக்கப் பெண்ணொருத்தியை எல்சா வழியிற் சந்தித்த செய்தி நாடகத்தில் ஆழமாக ஒலிக்கின்றது. ஆனால் அப்பெண் பேச்சிலே மட்டும் வாழ்கின்றாள். கறுப்பு மக்களின் துயர் வெள்ளை மனச்சாட்சியை அசைக்கும் நிகழ்ச்சியாக இடம்பெறுகின்றது. அவர்களின் படைப்பாற்றல் இடம்பெறவில்லை.

இவ்வின்மை ஃபூகாட்டின் நாடக வாழ்வைப் பின்னோக்கிப் பார்க்குமிடத்து மேலும் துலக்கமாகின்றது. 1972 இல் ‘சிஸ்வே பன்சி இறந்துவிட்டான்’ என்பதையும், 1973 இல் ‘தீவு’ என்பதையும் அவர் ஜோன் கானி, வின்ஸ்ரன் ந்ட்ஷோனா ஆகிய கறுப்பு நடிகர்களோடு இணைந்தே உருவாக்கினார். கறுப்பு மனிதரைக் கலைஞர் என அங்கீகரிக்காத சட்டத்தின் காரணமாக, அவ்விருவரும் ஃபூகாட்டின் வீட்டுப் பணியாளராகப் பதியப்பட வேண்டியிருந்தது. கலைஞர் பணியாள் எனப்பட்ட அபத்தத்தை நேரடியாக அறிந்த நாடகாசிரியரே, பணியாள் எனப்பட்ட கலைஞரொருவரைத் தம் மேடைக்கு வெளியே நிறுத்தினார். இதனைத் தனிப்பட்ட குறையாக நாம் கருதவில்லை. கலைஞரைத் தனித்துவிடப்பட்ட ஆன்மாவாகக் காணும் தாராண்மைவாத அழகியல், அந்நிறவெறி ஆட்சியை வெறுத்தவரின் பார்வையையும் எவ்வாறு ஒழுங்குபடுத்திற்று என்பதே இங்கு முக்கியம். கருத்துநிலையின் வலு அதுவே. 2025 மார்ச்சில் ஃபூகாட் மறைந்தபொழுது அவரது நிறவெறி எதிர்ப்பு உரியவாறு நினைவுகூரப்பட்டது. அவ்வெதிர்ப்பின் எல்லைகளையும் கூறுதல் அவருக்கு இழைக்கும் அவமதிப்பாகாது.

6

1976 ஆகஸ்ட் 8 ஆம் நாள், பார்வை மங்கிய நிலையில், ஹெலன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சுவேட்டோ மாணவர் எழுச்சி தொடங்கி அப்பொழுது இரு மாதங்களும் நிறைவடையவில்லை. வாழ்ந்தபொழுது ஊரார் வெட்கிய இல்லம், பின்னர் ஊரின் பெயரையே தாங்குவதாயிற்று. இன்று அது அறக்கட்டளையொன்றின் பராமரிப்பிலுள்ள நூதனசாலை. கிராமத்திற்கு வருவோரிற் பெரும்பாலோர் அதனைக் காணவே வருகின்றனர். ஆட்டுரோமப் பொருளாதாரத்தின் ஓரத்திலே ஓர் உல்லாசப் பயணப் பொருளாதாரம் வளர்ந்துள்ளது.

விடுதலைக்கான ஒருவரின் வேட்கை பண்டமாகும் முறைமை இது. பயன்பாட்டுக்காகவோ விற்பனைக்காகவோ அன்றித் தன் ஆன்மாவின் தேவைக்காகச் செய்யப்பட்டதென்னும் தூய்மையே அதன் சந்தை மதிப்பின் ஊற்று. வாழ்நாளிலே வீதியோரத்தில் ஓரிரு டொலருக்கு ஓவியம் விற்ற மோட் லூயிசின் ஓவியமொன்று 2022 இல் 350,000 கனேடிய டொலருக்கு ஏலம் போயிற்று. வறுமை வாழ்பவருக்கு வறுமையாகவும், வாங்குவோருக்குக் கலையின் நம்பகத்தன்மைக்குரிய சான்றாகவும் ஆகின்றது. ஆந்தை இல்லம் விற்கப்படுவதில்லை எனினும், ‘தனித்து வதங்கிய பெண்’ என்னும் கதை அங்கு நுழைவுச்சீட்டோடு சேர்ந்தே வழங்கப்படுகின்றது. கதையில் தொழிலாளி புகுந்தால் தனிமை குலையும். தனிமை குலைந்தால் கதையின் கவர்ச்சி குன்றும். மல்காசின் பெயர் நெடுங்காலம் பின்தள்ளப்பட்டமைக்கு நிறவெறியோடு இச்சந்தைத் தருக்கமும் காரணமாகும்.

மறுபுறம், காலம் அனைத்தையும் அவ்வாறே விட்டுவிடவில்லை. திறந்த வெளியிலே சீமெந்து வெடிக்கும், கம்பி துருப்பிடிக்கும். உருவங்கள் சிதையத் தொடங்கியபொழுது அவற்றைச் செப்பனிட வல்லவரைத் தேட வேண்டியதாயிற்று. ஊரை விட்டு நீங்கியிருந்த கூஸ் மல்காஸ் 1991 இல் மீள அழைக்கப்பட்டார். அதன்பின் சில ஆண்டுகள் அவர் அவ்வுருவங்களைப் புதுப்பித்தார். எப்பெயர் வழிகாட்டி நூல்களில் இல்லையோ அப்பெயருக்குரிய கைகளின்றி நூதனசாலை நிலைக்க முடியவில்லை. பொருளே தன்னைச் செய்தவரைச் சாட்சிக்கு அழைத்தது எனலாம். அவர் 2000 ஆம் ஆண்டில் மறைந்தார். 2008 இல் அவரது பேர்த்தியான ஜூலியா மல்காஸ், கவிஞர் ஜெனி கூசினோடு இணைந்து, அவரை ஆந்தை இல்லத்தின் சிற்பி என நேரடியாகப் பெயரிட்டு நூலொன்றை வெளியிட்டார். தொழிலாளியின் குடும்பமே விமரிசகர் ஆற்றத் தவறிய கடமையை ஆற்றியது.

இன்னொரு செய்தியும் எமது கவனத்துக்குரியது. இல்லத்தின் அயலிலே உள்ளூர்க் கைவினைஞர் சிறு சீமெந்து ஆந்தைகளை வார்த்துப் பயணிகளுக்கு விற்கின்றனர். கம்பி முறுக்கும் முறை, சீமெந்துப் பதம், கண்ணாடிக் கண் பதிக்கும் நுணுக்கம் ஆகியன இப்பொழுது கைமாறிச் செல்லும் அறிவாகிவிட்டன. விமரிசகர் இவற்றை ‘நினைவுப் பொருள்கள்’ எனப் புறந்தள்ளுவர். முற்றத்திலுள்ளவற்றையோ ‘நாட்டார் கலை’ என்பர். எமது நாட்டார் வழக்காற்றியலாளர் ‘நாட்டார்’ என்னும் சொல்லை எப்பொருளில் ஆள்கின்றனரோ அப்பொருளில் நோக்கின் நிலைமை நேர்மாறானது. பலரால் பகிரப்படுவது, கண்டும் செய்தும் பயிலப்படுவது, ஒரு சமூகத்தின் அன்றாடப் பிழைப்போடு பிணைந்தது, செய்வோரின் கைக்கேற்ப மாறுவது என்பனவே நாட்டார் கலையின் இயல்புகளாயின், அவை வீதியோரத்து ஆந்தைக்கே பெரிதும் உரியன. இவ்வாந்தைகளின் அழகியற் தரத்தை உயர்த்திக் கூறுவது எமது நோக்கமன்று. அவற்றுட் பல அவசரமாகச் செய்யப்பட்டவை. சந்தையின் சுவைக்கு இசைந்தவை. எனினும், நாட்டார் மரபொன்று வறுமையின் நடுவே, வணிகத்தின் நெருக்குதலுக்குள்ளேயே முளைவிடுவதை நாம் காண்கின்றோம். மரபுகள் யாவும் தூய வெளியிலே பிறந்தன எனக் கருதுவோரே இதனைக் கண்டு அருவருப்பர்.

7

மேற்கூறியவற்றிலிருந்து முறையியல் சார்ந்த சில முடிபுகளைப் பெறலாம்.

முதலாவது, காட்சித்தலமாக மாற்றப்பட்ட இல்லமொன்றை ஆராய்வோர், வெளிப்பாட்டின் மூலத்தைத் தேடுவதற்கு முன்னர் உற்பத்தியின் வரலாற்றைத் தேடுதல் வேண்டும். பொருள்கள் எங்கிருந்து வந்தன, எவர் சுமந்தனர், எவர் குழைத்தனர், எவருக்கு என்ன கூலி என்பன அழகியலுக்குப் புறம்பான வினாக்களல்ல. ஆந்தை இல்லத்தைப் பொறுத்தவரை அவையே அதன் வடிவத்தை விளக்குகின்றன.

இரண்டாவது, ‘புறத்தார்’ என்னும் சொல்லை எச்சரிக்கையோடு ஆளுதல் வேண்டும். ஹெலன் தமது ஊரின் ஒழுக்கத்துக்குப் புறத்தார். அவ்வூரின் நிற ஒழுங்குக்கு அகத்தார். மல்காஸ் இரண்டுக்கும் புறத்தே வைக்கப்பட்டவர். அவர் பிறந்ததோ அதே மண். எதற்குப் புறத்தே என்று கூறாத ‘புறத்தார்’ என்னும் சொல், ஒடுக்குமுறையின் படிநிலைகளை மறைத்துவிடும்.

மூன்றாவது, பெயரை மீட்டல் அவசியமானதாயினும் போதுமானதன்று. சுவரிலே இரண்டாவது பெயர்ப்பலகையொன்றை மாட்டுவதனால் கலை வரலாறு சீர்திருந்திவிடாது. எண்ணுவோரென்றும் செய்வோரென்றும் மனிதரைப் பிரிக்கும் ஒழுங்கு எங்கு நிலவினும், புதிய பெயரின்மைகள் நாள்தோறும் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். 1994 இல் தென்னாபிரிக்க மக்கள் வாக்குரிமையை வென்றனர். பீனாசிக் குடியிருப்புக்கும் ஊருக்கும் இடையிலான பொருளாதாரத் தூரம் வாக்குச்சீட்டோடு மறைந்துவிடவில்லை.

இவ்வாறெல்லாம் கூறுவதனால் ஆந்தை இல்லத்தின் அழகு குறைந்துவிடுமோ என அஞ்சுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தனித்த மேதையொருவரின் அதிசயமாக அதனைக் காண்போர் வியந்து நீங்குவர். மணமுறிந்த பெண்ணொருத்தியின் எதிர்ப்பும், ரோமம் கத்தரித்தவரின் கைத்திறனும், மலிவாக்கப்பட்ட உழைப்பின் அநீதியும், அவ்வநீதியினூடாகவும் அரும்பிய கூட்டுப்படைப்பும் ஒரே சீமெந்திலே உறைந்திருத்தலைக் காண்போர், அவ்வுருவங்களின் விரிந்த கண்களுக்கு முன்னே நெடுநேரம் நிற்பர். விமரிசனத்தின் பணி அவர்களை அவ்வாறு நிற்கச் செய்தலே.